மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சை: அழகுக்காகவா, நோய்க்காகவா?



பொதுவாக நம் வீடுகளில் வாய்விட்டுப் பேசாத ஒரு விஷயத்தை இந்த முறை எழுதுகிறோம். கூச்சமாக இருக்கிறது என்பதற்காக எழுதாமல் விட முடியவில்லை. மார்க்கத்தை அறிந்துகொள்வதற்கு வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். அந்தத் துணிவில்தான் இதை எழுதுகிறோம்.

நாம் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குவதே நியாயம்.

சில ஆண்டுகளுக்கு முன், நெய்வேலியில் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு, சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளராக வேலை பார்க்கும் ஒரு சகோதரர் நம்மை ஓரமாக அழைத்தார். "ஹஜ்ரத், வீட்டுல அவங்களுக்கு மார்பு பாரம் தாங்க முடியல. கழுத்து வலி, முதுகு வலின்னு தூக்கமே இல்ல. ஆபரேஷன் செஞ்சு குறைக்கலாம்னு டாக்டரம்மா சொல்றாங்க. செய்யலாமா?" என்று தரையைப் பார்த்தபடியே கேட்டார். நாம் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவது கூடாது, தம்பி. வலிக்கு மருந்து வாங்கிக் கொடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அவரும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஓராண்டு கழித்து, நம் வீட்டார் அந்தச் சகோதரியைப் பார்த்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான் நிலைமை புரிந்தது. முப்பத்தைந்து வயதுகூட ஆகாத அந்தப் பெண் நாற்காலியில் அமர்ந்துதான் தொழுகிறார். உள்ளாடைப் பட்டை அழுத்தி அழுத்தி இரண்டு தோளிலும் பள்ளம் விழுந்திருக்கிறது. மார்பின் அடிமடிப்பில் வியர்வை தேங்கி, கோடை முழுக்கப் புண். நெய்வேலியின் அக்னி நட்சத்திர வெயில் எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியும். பெண்கள் பயானுக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். "ஹஜ்ரத் கூடாதுன்னு சொல்லிட்டாங்கள்ல, பொறுத்துக்கிறேன்" என்றாராம்.

அன்றிரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. கிதாபுகளை மறுபடி எடுத்தோம். நமக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாதுகளிடம் கேட்டோம். ஒரு பெண் மருத்துவரிடம் நம் வீட்டார் மூலமாக விவரம் கேட்டறிந்தோம். பிறகு அந்தச் சகோதரர் வீட்டுக்கே போய், "நாம் விசாரிக்காமல் சொன்னது தவறு" என்று சொல்லிவிட்டு வந்தோம். அப்போது நாம் கற்றுக்கொண்டவைதான் இந்தக் கட்டுரை.

இது ஒரு நோயா?

மார்பகம் பெரிதாக இருப்பது தானாக நோயல்ல. அல்லாஹ் ஒவ்வொருவரையும் ஒவ்வொரு வடிவில் படைத்திருக்கிறான். ஆனால் அந்தப் பாரத்தால் உடல் துன்பப்படத் தொடங்கும்போது மருத்துவர்கள் அதை சிகிச்சை தேவைப்படும் நிலையாகக் கருதுகிறார்கள். கழுத்து, தோள், மேல் முதுகு வலி, தோளில் பட்டை பதிந்த பள்ளம், மார்பின் அடியில் திரும்பத் திரும்ப வரும் படை, புண், சிலருக்கு விரல்களில் மரத்துப்போதல், வேகமாக நடக்கவோ உடற்பயிற்சி செய்யவோ முடியாமை ஆகியவை இதன் அடையாளங்கள்.

பரம்பரை, ஹார்மோன்களுக்கு உடல் காட்டும் கூடுதல் உணர்வு, கர்ப்பம், உடல் எடை கூடுதல் ஆகியவை காரணங்களாக இருக்கலாம். சில பெண் பிள்ளைகளுக்குப் பருவமடைந்த சில மாதங்களிலேயே மிக வேகமாக வளர்ந்துவிடுவதும் உண்டு. பிள்ளை கூனிக்கொண்டு நடக்கிறாள், பள்ளியில் விளையாட்டு வகுப்புக்குப் போக மறுக்கிறாள் என்றால் "நிமிர்ந்து நட" என்று அதட்டுவதோடு தாய்மார்கள் நின்றுவிட வேண்டாம். தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள்.

டென்னிஸ் வீராங்கனை சிமோனா ஹாலெப்பின் கதை பலருக்கும் தெரிந்தது. ருமேனியாவைச் சேர்ந்த அவர் 2009-ல், 17 வயதில், இந்த அறுவை சிகிச்சையைச் செய்துகொண்டார். பாரத்தால் விளையாட்டில் வேகமாக அசைய முடியவில்லை, முதுகு வலித்தது என்பதே அவர் சொன்ன காரணம். பின்னர் 2018-ல் பிரெஞ்சு ஓப்பன், 2019-ல் விம்பிள்டன் பட்டங்களை வென்றார். உடல் பாரம் ஒருவரை எவ்வளவு கட்டிப் போடும் என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

அல்லாஹ்வின் படைப்பை மாற்றத் தூண்டுவது ஷைத்தானின் வேலை என்று திருக்குர்ஆன் (4:119) எச்சரிக்கிறது. பச்சை குத்துவோரையும், அழகுக்காகப் பற்களுக்கு இடையே இடைவெளி உண்டாக்குவோரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. நாம் அவசரப்பட்டுப் பதில் சொன்னபோது மனதில் இருந்தது இதுதான்.

ஆனால் அந்த ஹதீஸில் "அழகுக்காக" என்ற சொல் இருப்பதை நாம் கவனிக்கத் தவறினோம். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் முஸ்லிம் விரிவுரையில் இந்தச் சொல்லையே எடுத்து விளக்குகிறார்கள். அழகு தேடிச் செய்வதே தடுக்கப்பட்டது. சிகிச்சைக்காகவோ பல்லில் உள்ள குறைக்காகவோ தேவைப்பட்டால் தவறில்லை என்பது அவர்களின் விளக்கம்.

போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியில் மூக்கு செய்து பொருத்திக்கொண்டார்கள். அது துர்நாற்றம் வீசவே, தங்கத்தில் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். ஆண்களுக்குத் தங்கம் தடுக்கப்பட்டிருந்தும் இந்த அனுமதி. அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் இது பதிவாகியுள்ளது.

நம் காலத்து அறிஞர்களும் இதைத் தனியாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஓ.ஐ.சி. அமைப்பின் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய தனது 18-வது அமர்வில், பிளாஸ்டிக் சர்ஜரி பற்றி 173-வது தீர்மானத்தை வெளியிட்டது. மார்பகத்தின் அளவு நோய் நிலைக்குக் கொண்டு செல்லும் அளவுக்குப் பெரிதாக இருந்தால் அதைச் சீர்படுத்துவது கூடும் என்று அதில் தெளிவாகவே சொல்லப்பட்டுள்ளது. பிறரைப் பார்த்து, ஆசைக்காக உடலை மாற்றிக்கொள்வது கூடாது என்றும் அதே தீர்மானம் சொல்கிறது. தகுதியுள்ள நிபுணர் செய்ய வேண்டும், நோயாளியின் சம்மதம் வேண்டும், ஆபத்துகளை மருத்துவர் முன்கூட்டியே விளக்க வேண்டும், இதைவிடப் பாதிப்புக் குறைந்த வேறு வழி இருக்கக் கூடாது, அவ்ரத் பற்றிய சட்டங்களைப் பேண வேண்டும் ஆகியவை அதன் நிபந்தனைகள்.

இன்னொரு செய்தி. இந்த அறுவை சிகிச்சை நேற்று முளைத்ததல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குர்துபா அருகே வாழ்ந்த முஸ்லிம் அறுவை மருத்துவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, தமது 'அத்தஸ்ரீஃப்' நூலில், ஆண்களுக்குப் பெண்களைப் போல வளரும் மார்பைக் குறைக்கும் முறையை விளக்கியிருக்கிறார். அவருக்கும் முன், ஏழாம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் பவுலஸ் இதை எழுதியிருந்தார். இன்றும் சில ஆண்களுக்கு இந்தத் தொல்லை உண்டு; அவர்களும் மருத்துவரிடம் தயங்காமல் போகலாம்.

முடிவெடுக்கும் முன்

"கூடும்" என்றவுடன் ஓடிப்போய்ச் செய்துகொள்ள வேண்டும் என்பதல்ல. சரியான அளவில் தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை, பிசியோதெரபி, எடை அதிகமிருந்தால் குறைத்தல், படைக்கு உரிய மருந்து ஆகியவற்றை முதலில் முயலுங்கள். சிலருக்கு இவையே போதும். பாரம் மிக அதிகமாக உள்ளவர்களுக்கு இவை தற்காலிக நிவாரணம் மட்டுமே தருகின்றன. அவர்களுக்குத்தான் அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு.

மருத்துவரிடம் போகும்போது வலி எங்கே, எத்தனை நாளாக, என்னென்ன மருந்து எடுத்தீர்கள், எந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்று ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். கூச்சத்தில் பாதி மறந்துவிடும். கட்டி தட்டுப்பட்டாலோ, காம்பிலிருந்து இரத்தம் கசிந்தாலோ அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு மேமோகிராம் எடுத்துப் பார்ப்பது வழக்கம். வளரும் பிள்ளைகளுக்கு, மிகக் கடுமையான நிலை இல்லையென்றால், வளர்ச்சி நிற்கும்வரை மருத்துவர்கள் காத்திருக்கச் சொல்வார்கள்.

பிள்ளைப்பேறு பற்றியும் பேசிவிடுங்கள். அறுவைக்குப் பிறகு பலரால் பால் கொடுக்க முடிகிறது. சிலருக்குப் பால் குறைந்துவிடுகிறது. சிலருக்கு முடியாமலும் போகலாம். தாய்ப்பால் பற்றி திருக்குர்ஆன் (2:233) பேசும் இடத்தின் அருமையை நாம் அறிவோம். எனவே இன்னும் பிள்ளை பெற நினைக்கும் தம்பதியர், வலி பொறுக்கக் கூடியதாக இருந்தால், தள்ளிப்போடுவது பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். கர்ப்பத்தாலும் எடை மாற்றத்தாலும் அளவு மறுபடி மாறக்கூடும் என்பதும் இதற்கு ஒரு காரணம். வலி பொறுக்க முடியாததாக இருந்தால் காத்திருக்கத்தான் வேண்டும் என்று கட்டாயமில்லை. அதே வசனம் வேறொரு பெண்ணிடம் பால் கொடுக்கச் செய்வதையும் அனுமதிக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

முடிவு யாருடையது? கணவன் மனைவி கலந்து பேசுவது அழகான வழி. ஆனால் வலி அவளுடையது, உடல் அவளிடம் அல்லாஹ் தந்த அமானிதம். சட்டமும் இதில் தெளிவாக உள்ளது. 2008-ல் சமீரா கோலி வழக்கில், நினைவோடு இருந்து முடிவெடுக்கக் கூடிய வயதுவந்த பெண்ணுக்கு, அவர் மயக்கத்தில் இருந்தபோது தாயிடம் வாங்கிய சம்மதம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே மாமியாரோ, நாத்தனாரோ, நம்மைப் போன்ற ஆலிம்களோகூட வற்புறுத்தவும் கூடாது, தடுக்கவும் கூடாது.

எங்கே செய்வது? செலவு எப்படி?

இது பிளாஸ்டிக் சர்ஜரி நிபுணர்கள் செய்யும் அறுவை சிகிச்சை. நெய்வேலி மக்களுக்குப் பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மரில் அந்தத் துறை இருக்கிறது. சென்னையில் அரசு ஸ்டான்லி மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரித் துறை புகழ்பெற்றது. 2018 பிப்ரவரியில், மார்பக அறுவை சிகிச்சைகளை ஏழைகளுக்கு இலவசமாகச் செய்யும் பிரிவு அங்கே தொடங்கப்பட்டபோது நாடெங்கும் விவாதம் எழுந்தது. தொற்று நோய்களை விட்டுவிட்டு அரசுப் பணத்தில் அழகு சிகிச்சையா என்று சிலர் கேட்டார்கள். அப்போதைய சுகாதார அமைச்சர் சி. விஜயபாஸ்கர், அரசு செய்யாவிட்டால் ஏழைகள் கடன் வாங்குவார்கள் அல்லது ஆபத்தான வழிகளைத் தேடுவார்கள் என்று பதில் சொன்னார். அளவு பெரிதாக இருப்பதால் தோள் வலியும் முதுகு வலியும் வருகின்றன, பல பெண்கள் வெளியே போகவே கூசுகிறார்கள் என்று மருத்துவர்கள் எடுத்துச் சொன்னார்கள். அழகா, நோயா என்ற நம் கேள்வியைத்தான் ஊரே அன்று கேட்டது.

காப்பீடு உள்ளவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அழகு சிகிச்சைக்குக் காப்பீட்டில் பணம் கிடைக்காது. உடல்நலத்திற்கு நேரடி ஆபத்து இருப்பதால் செய்யும் சிகிச்சை என்று மருத்துவர் சான்றளித்தால் மட்டுமே பரிசீலிப்பார்கள். எனவே பழைய மருந்துச் சீட்டுகள், பிசியோதெரபி செய்த ரசீதுகள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்து, முன் அனுமதி கேட்டு விண்ணப்பியுங்கள்.

பெண் மருத்துவர் கிடைத்தால் அவரிடம் செல்வதே முதன்மை. தகுதியுள்ள பெண் நிபுணர் கிடைக்காதபோது, தேவையின் அளவுக்கு ஆண் மருத்துவரிடம் காட்டுவது கூடும். பெண் நர்ஸோ, கணவரோ, தாயாரோ உடன் இருக்கட்டும். அறுவைக்கு முன் அளவெடுக்கவும் படம் எடுக்கவும் செய்வார்கள். அந்தப் படங்கள் யார் கையில் இருக்கும், முகம் தெரியுமா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

அறுவை சிகிச்சையில் நடப்பது என்ன?

முழு மயக்கம் கொடுத்து, பொதுவாக இரண்டு முதல் நான்கு மணி நேரம் செய்கிறார்கள். காம்பைச் சுற்றி ஒரு வட்டம், அங்கிருந்து கீழ்நோக்கி ஒரு கோடு, தேவைப்பட்டால் அடிமடிப்பில் இன்னொரு கோடு என நங்கூரம் போன்ற வடிவில் தழும்பு விழும். அதிகப்படியான கொழுப்பு, சுரப்பித் திசு, தோல் ஆகியவற்றை எடுத்துவிட்டு, காம்பை இரத்த ஓட்டத்தோடு மேலே நகர்த்தித் தைப்பார்கள். பக்கத்திற்குச் சில நூறு கிராம் முதல் ஒரு கிலோவுக்கு மேலும் எடுப்பதுண்டு. எடுத்த திசுவைப் பரிசோதனைக் கூடத்திற்கு அனுப்புவார்கள்.

ஆபத்துகளையும் சொல்லிவிட வேண்டும். காயம் தாமதமாக ஆறுதல், கிருமித் தொற்று, இரத்தம் கட்டுதல், இரண்டு பக்கமும் சற்று வித்தியாசமாக அமைதல், காம்பில் உணர்வு குறைதல், தழும்பு தடித்துப்போதல் ஆகியவை நேரலாம். அரிதாகக் காம்புக்கு இரத்த ஓட்டம் தடைப்படும். சர்க்கரை நோயும் புகையிலைப் பழக்கமும் இந்த ஆபத்துகளைக் கூட்டும். வெற்றிலையோடு புகையிலை போடும் பெரியவர்கள் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளோடு, கருஞ்சீரக எண்ணெய் முதலான கைமருந்துகள் எடுத்தாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

அந்தச் சகோதரி அரசு மருத்துவமனை ஒன்றில் செய்துகொண்டார். திரும்பும்போது காரில் சீட் பெல்ட்டுக்கும் மார்புக்கும் நடுவே ஒரு சிறிய தலையணை வைத்துக்கொண்டார். சாலைக் குலுக்கலுக்கு அது பெரிய உதவி. முதல் சில நாட்கள் வலியும் வீக்கமும் இருந்தன. தலையை உயர்த்தி, மல்லாந்துதான் படுத்தார். மருத்துவமனையில் சொன்ன இறுக்கமான உள்ளாடையை இரவும் பகலும் போட்டிருந்தார். பல மருத்துவர்கள் இதை நான்கு முதல் ஆறு வாரம் வரை போடச் சொல்கிறார்கள்.

பத்தாம் நாள் ஒரு தவறு நடந்தது. வலி குறைந்துவிட்டதே என்று ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிவிட்டார். தையல் கூடும் இடத்தில் காயம் சற்றுப் பிரிந்துவிட்டது. மறுபடி மருத்துவமனைக்குப் போய், மூன்று வாரம் கட்டுப் போட்டு ஆறியது. அவர் ஏன் தூக்கினார்? வீட்டில் தண்ணீர் பிடிக்க வேறு ஆள் இல்லை. கணவருக்கு இரவு ஷிப்ட், பிள்ளைகள் சிறியவர்கள். இது குடும்பத்தின் தவறு. ஒரு வகையில் நம் ஜமாஅத்தின் தவறும்கூட. பிரசவித்த வீட்டுக்குச் சோறு கொடுத்தனுப்பும் நாம், இந்த வீட்டுக்கு யாரும் போகவில்லை. என்ன ஆபரேஷன் என்று வெளியே சொல்ல முடியாததால் உதவி கேட்கவும் அவர்களால் முடியவில்லை.

எனவே குடும்பத்தாருக்குச் சொல்கிறோம்: நான்கு முதல் ஆறு வாரம் வரை கேஸ் சிலிண்டர், குடம், வாளி, கைக்குழந்தை எதையும் அவர் தூக்கக் கூடாது. கையைத் தலைக்கு மேல் உயர்த்தித் துணி காயப்போடவும் கூடாது. உட்கார்ந்து செய்யும் வேலைக்கு இரண்டு வாரத்தில் திரும்பலாம். கடின வேலைக்கு ஆறு வாரமாவது ஆகும். ஸ்கூட்டி ஓட்டுவது மருத்துவர் சொன்ன பிறகுதான். வீக்கம் முழுவதும் வடியச் சில மாதங்கள் ஆகும். சிவந்த தழும்பு மங்க ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம்.

காய்ச்சல், சீழ், பரவும் சிவப்பு, ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி இறுகுதல், காம்பு கறுத்துப்போதல், கெண்டைக்கால் வலி, மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் காலைவரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மனதையும் பாருங்கள். முதல் வாரங்களில் கண்ணாடியைப் பார்த்து அழும் பெண்கள் உண்டு. "நாமாகத் தேடிக்கொண்டதுதானே" என்று யாரும் குத்திப் பேச வேண்டாம்.

தொழுகையும் நோன்பும்

காயத்தில் தண்ணீர் படக் கூடாது என்று மருத்துவர் சொன்னால், கட்டின் மீது ஈரக்கையால் மஸஹ் செய்து, மற்ற இடங்களைக் கழுவலாம். ஷாஃபிஈ மத்ஹபில் அதோடு தயம்மும் செய்ய வேண்டும். ஒளூவில் மார்பு கழுவப்படும் உறுப்பு இல்லை என்பதால், இந்தக் கேள்வி பெரும்பாலும் கடமையான குளிப்பில்தான் வரும். நிற்க முடியாவிட்டால் அமர்ந்தும், அதுவும் முடியாவிட்டால் படுத்தும் தொழலாம் என்பது இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி. குனிந்து ஸஜ்தா செய்வது தையலை இழுத்தால், அமர்ந்தபடி சைகையால் செய்யலாம். மயக்கத்தில் தவறிய தொழுகையைத் தெளிந்த பிறகு களாச் செய்துகொள்ளுங்கள். ரமளான் குறுக்கிட்டால் நோன்பைப் பிறகு நோற்றுக்கொள்ளும் சலுகை நோயாளிக்கு உண்டு.

இந்தச் சிகிச்சைக்குப் பிறகும் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை தேவைதான். மேமோகிராம் எடுக்கும்போது இந்த அறுவை சிகிச்சை செய்ததைச் சொல்லிவிடுங்கள். உள்ளே இருக்கும் தழும்பு படத்தில் வேறு விதமாகத் தெரியக்கூடும்.

அந்தச் சகோதரி இப்போது நின்று தொழுகிறார், அல்ஹம்துலில்லாஹ். கோடையில் புண் வருவதில்லை. தோளில் பள்ளம் இன்னும் இருக்கிறது; வலி இல்லை. பெண்கள் பயானுக்கு முதலில் வந்து, கடைசியில் போகிறாராம். நம்மைப் பற்றி ஒரு வார்த்தையும் தவறாகப் பேசவில்லை. ஆனால் நாம் ஒரு நொடியில் சொன்ன பதிலால் அவர் ஓராண்டு கூடுதலாக வலியைச் சுமந்தார் என்பதை நாம் மறக்கவில்லை.

ஆலிம் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்படிப்பட்ட கேள்வி வந்தால், "எங்கே வலிக்கிறது, டாக்டர் என்ன சொன்னார்?" என்று முதலில் கேளுங்கள். பதிலைப் பிறகு சொல்லலாம். குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் ஒரு பெண் வலிக்கிறது என்று சொன்னால், முதல் தடவையிலேயே நம்புங்கள்.

நோயுற்ற நம் சகோதரிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.